பதில் வராத கடிதம்

இரவில் வானத்தைப் பாருங்கள். எத்தனை நட்சத்திரங்கள்! ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சூரியன். வெகு தூரத்தில் இருப்பதால் புள்ளியாகத் தெரிகிறது. நம் பூமி சூரியனைச் சுற்றுவதுபோல, அந்தச் சூரியன்களையும் கோள்கள் சுற்றுகின்றன. இதுவரை 5,000-க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அங்கே நம்மைப் போல யோசிக்கிற உயிர் இருக்குமா? இருந்தால் ஏன் ஒரு தகவலும் வரவில்லை? பறக்கும் தட்டில் வந்தார்கள் என்று சிலர் கதை சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை.

முதல் காரணம் தூரம். ஒளியைவிட வேகமாகப் போவது எதுவும் இல்லை. அது ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். சூரியனிலிருந்து நம் வாசலுக்கு வெயில் வர 8 நிமிடம் ஆகிறது. அடுத்த நட்சத்திரத்தின் ஒளி வர 4 ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் வீட்டு ரேடியோவுக்குப் பாட்டைக் கொண்டுவரும் அலையும் இதே வேகத்தில்தான் போகும்.

வெளியூரில் இருக்கும் மகனுக்குக் கடிதம் போடுகிறோம். பத்து நாளில் பதிலை எதிர்பார்க்கிறோம். வானத்துக்கும் ஒரு கடிதம் போட்டார்கள். போர்ட்டோ ரிக்கோ தீவில் அரெசிபோ என்ற இடம். அங்கே ரேடியோ அலைகளைப் பிடிக்க ஒரு பெரிய கிண்ணம் இருந்தது. அகலம் 305 மீட்டர். 1974 நவம்பர் 16 அன்று அதிலிருந்து ரேடியோ அலையில் ஒரு படத்தை அனுப்பினார்கள். எண்கள், மனித உருவம், நம் சூரியக் குடும்பம் எல்லாம் அதில் இருந்தன. மூன்று நிமிடத்துக்குள் அனுப்பி முடித்தாயிற்று. அது போய்ச் சேர சுமார் 25,000 ஆண்டு ஆகும். அவர்கள் உடனே பதில் போட்டாலும் திரும்பி வர இன்னும் 25,000 ஆண்டு! கடிதம் அனுப்பிய கிண்ணமோ 2020-இல் இடிந்து விழுந்துவிட்டது.

அடுத்தது காலம். பூமி பிறந்து சுமார் 450 கோடி ஆண்டு ஆகிறது. மனிதர் ரேடியோ அலையைப் பயன்படுத்தக் கற்று 130 ஆண்டுதான் ஆகிறது. அதற்கு முன் யாராவது கூப்பிட்டிருந்தால் நமக்குக் கேட்டிருக்காது. அவர்கள் வாழ்ந்து அழிந்தும் போயிருக்கலாம். அறிவு இருந்தால் மட்டும் ஆயுள் நீளுமா? ரேடியோ வந்து சுமார் 50 ஆண்டில், 1945-இல், மனிதர் ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்டார்கள். ஒருவேளை அங்கே யாருமே இல்லாமலும் இருக்கலாம்.

1960 முதல் விஞ்ஞானிகள் காது கொடுத்துக் கேட்டு வருகிறார்கள். ரேடியோவில் முள்ளைத் திருப்பி நிலையம் தேடுவோமே, அப்படித்தான். எந்தத் திசை, எந்த நிலையம், எந்த நேரம் என்று தெரியாது. 1967-இல் இங்கிலாந்தில் ஜோசலின் பெல் என்ற மாணவி ஒரு துடிப்பைக் கண்டார். 1.3 விநாடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் போல! யாரோ கூப்பிடுகிறார்களோ என்றுகூட யோசித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது வேகமாகச் சுழலும் ஒரு நட்சத்திரம்.

1977-இல் அமெரிக்கா வாயேஜர் என்ற இரண்டு விண்கலங்களை அனுப்பியது. இரண்டிலும் தங்க முலாம் பூசிய இசைத்தட்டு இருக்கிறது. 55 மொழிகளில் வணக்கம் சொல்கிறது. தெலுங்கு, கன்னடம், இந்தி உண்டு. தமிழ் விடுபட்டுவிட்டது! கேசர்பாய் கேர்க்கர் என்ற நம் நாட்டுப் பாடகியின் பாட்டும் அதில் இருக்கிறது. முதல் விண்கலம் விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அடுத்த நட்சத்திரம் இருக்கும் தூரத்தைக் கடக்க அதற்கு 70,000 ஆண்டுக்கு மேல் வேண்டும்.