அபர்டோவியில் 26 நாட்கள்

ஹிட்லரை எதிர்த்ததற்காக 1933-ல் சிறைக்குப் போன கூர்ட் ஹான், பிரிட்டனுக்கு வந்து ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டவுன் பள்ளியைத் தொடங்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். இரண்டாம் உலகப் போரின்போது அந்தப் பள்ளி வேல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. அந்தக் காலத்தில்தான் லாரன்ஸ் ஹோல்ட் அவருக்குத் துணையாக வந்தார்.

ஹோல்ட், லிவர்பூலில் 'புளூ ஃபனல்' கப்பல்களை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்துக்கொண்டிருந்தன. உயிர்காப்புப் படகில் ஏறிய பிறகும் இளவட்டங்கள் செத்துப்போகிறார்கள், பாய்மரக் கப்பலில் பழகிய பெரியவர்களோ பிழைத்துக் கரை சேர்கிறார்கள் என்ற எண்ணம் அவரை வாட்டியது. உடம்பில் தெம்பு இருந்தும் பையன்கள் ஏன் மனம் தளர்ந்தார்கள்? காற்றோடும் அலையோடும் அவர்களுக்குப் பழக்கமில்லை என்பதுதான் அவர் கண்ட காரணம். அந்தப் பழக்கத்தைத் தரும் ஒரு பள்ளிக்கு வேண்டிய பணத்துக்கு அவர் பொறுப்பேற்றார், பயிற்சிமுறையை ஹான் வகுத்தார். 1941 அக்டோபரில் வேல்ஸ் கடற்கரை ஊரான அபர்டோவியில் பள்ளி திறந்தது.

பெயர், 'அவுட்வர்ட் பவுண்ட்'. துறைமுகத்தை விட்டு வெளிக்கடலுக்குப் புறப்பட்ட கப்பலை மாலுமிகள் அப்படிச் சொல்வார்கள். ஹானுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஹோல்ட் விட்டுக்கொடுக்கவில்லை.

வந்தவர்கள் பதின்ம வயதுப் பையன்கள். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், தொழிற்சாலையில் வேலை பழகுகிறவர்கள், போலீஸிலும் தீயணைப்புப் படையிலும் சேரவிருந்தவர்கள், வசதியான பள்ளிகளின் மாணவர்கள் என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ். வர்க்க வேறுபாடு பேச்சிலேயே தெரிந்துவிடும் நாடு அது. அங்கே ஓர் ஆலைத் தொழிலாளியின் மகனையும் பணக்கார வீட்டுப் பையனையும் அடுத்தடுத்த துடுப்பில் உட்கார வைத்ததையே அந்தப் பள்ளியின் பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன்.

பையன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். கப்பல் வழக்கப்படி குழுவுக்கு 'வாட்ச்' என்று பெயர். காலையில் பச்சைத்தண்ணீர்க் குளியல். வேல்ஸின் அக்டோபரில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது. புகைக்கவும் குடிக்கவும் தடை. ஓட்டம், தாண்டல், எறிதல் ஆகியவற்றில் பயிற்சி. டோவி ஆற்று முகத்துவாரத்தில் படகு வலிப்பு, பிறகு பாய்க்கப்பலில் கடல் பயணம், மலைகளைக் கடக்கும் நெடுநடை.

மலையில் ஒருவன் களைத்து உட்கார்ந்துவிட்டால் குழு முழுவதும் நிற்க வேண்டும். அவனுடைய சுமையை யார் பகிர்ந்துகொள்வது, எத்தனை நேரம் நிற்பது, திரும்புவதா தொடர்வதா என்பதற்கெல்லாம் விடை தேடுவது ஒரு பையனின் பொறுப்பாகிறது. தலைமை என்பதை வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. வேகமாக நடப்பவன் முதலில் எரிச்சல்படுவான். தன் கால் பிசகும் நாளில், பின்தங்கியவனின் நிலை அவனுக்குப் புரிந்துவிடும்.

நான்கு வாரம் கூட ஆகாத இந்தப் படிப்பு, போர் முடிந்த பிறகும் நிற்கவில்லை. 1946-ல் இதற்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. பிரிட்டனுக்கு வெளியே முதல் பள்ளி 1954-ல் மலாயாவின் லுமுட் கடற்கரையில் எழுந்தது. அடுத்த வாரம் அங்கே போவோம்.