ஏமாற்றிய கதையும் நல்ல பாடமே

மந்திரம் கற்றவர்களைக் கண்டு ஊரே அஞ்சுகிறது, ஒதுக்குகிறது, துரத்துகிறது. இளையோருக்கான மாயாஜால நாவல்களில் அடிக்கடி வரும் கதை இது. தொடக்கம் ஆவலைத் தூண்டும், பாதிக்குமேல் சலித்துவிடும். "போர் அடிக்குது மிஸ்" என்று நூலக வேளையில் மாணவர் புத்தகத்தைத் திருப்பித் தந்தால், வேறொன்றைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், திறனாய்வு அங்கேயே தொடங்கிவிடும்.

இவ்வகைக் கதைகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் சறுக்குகின்றன.

முதலாவது, மந்திரத்துக்கு எல்லை இல்லாமை. நினைத்ததெல்லாம் நடந்தால் பதற்றம் எங்கிருந்து வரும்? உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலில், செருக்கால் செய்த மந்திரம் நிழலாகி, செய்தவனையே துரத்துகிறது.

இரண்டாவது, அச்சத்துக்குக் காரணம் காட்டாமை. 'பாதாள பைரவி' (1951) படத்தில் நேபாள மாந்திரீகன் நாயகனைப் பலியிடவே அழைத்துச் செல்கிறான். அது தெரிவதால் நமக்கும் பயம் வருகிறது. 'எல்லோரும் அஞ்சினர்' என்ற ஒரு வரியால் பயம் வராது.

மூன்றாவதுதான் முக்கியமானது. இந்நாவல்கள் பலவற்றில் மந்திரவாதிகள் ஒதுக்கப்பட்ட மக்களின் உருவகம். ஆனால், அவர்கள் விரல் அசைவில் ஊரையே எரிக்க முடியும் என்றால் ஊரின் அச்சம் நியாயமாகிவிடும், உருவகம் உடைந்துவிடும்.

காரணமுள்ள அச்சம் வேறு, முன்முடிவால் வரும் அச்சம் வேறு. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மாணவர்களுக்கு இரண்டும் தெரியும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் அம்மோனியாவும் கசிந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. வடசென்னை என்றாலே கத்தியும் கும்பலும் என்று காட்டும் திரைப்படங்களைப் பார்த்துவிட்டு, ஊர்ப்பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களின் பயத்துக்கு என்ன காரணம்?

வகுப்பில் மூன்று கேள்விகள் போதும்:

• இந்த மந்திரத்துக்கு விலை என்ன?
• யார் யாரைக் கண்டு, ஏன் அஞ்சுகிறார்கள்?
• அந்த அச்சத்தால் யாருக்கு லாபம்?

தொடக்க வகுப்புகளில் ஏதேனும் ஒரு மந்திரவாதிக் கதையைச் சொல்லி, இரண்டாம் கேள்வியை மட்டும் கேட்கலாம். உயர்நிலை மாணவர்கள் சலிப்பூட்டிய ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதலாம். அல்லது, முகத்துவாரத்து எண்ணெயை அகற்றும் மந்திரம் தெரிந்த ஒரு சிறுமியைப் படைக்கட்டும். அதற்காக அவள் எதை இழப்பாள்? அவளைக் கண்டு யார் அஞ்சுவார்கள்?

'பிடிக்கவில்லை' என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். காரணத்தோடு எழுதியிருந்தால் அது நல்ல மதிப்புரை. கதையில் காரணமில்லாத அச்சத்தைக் கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளை, தெருவிலும் அதை அடையாளம் காணும்.