மூச்சை மீட்ட வளையம்

(இளமறிவியல் வேதியியல், மூன்றாமாண்டு)

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் வாழும் என் தாய்மாமா சங்கு குளிப்பவர். இளவயதில் மூச்சடக்கியே கடலுக்குள் இறங்கியவர். பின்னாளில்தான் கம்ப்ரசர் காற்றுக்குழாய் வந்தது. எப்படி இறங்கினாலும் மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றில் கை வைத்திருப்பார். கீழே இருப்பவரின் உயிர் அந்தக் கையில் இருக்கிறது என்பார் மாமா.

சென்ற ஆண்டு குடல் அடைப்பு ஏற்பட்டு அவருக்கு அவசர அறுவை சிகிச்சை நடந்தது. அறைக்கு வெளியே நானும் அத்தையும் நின்றிருந்தோம். வெளியே வந்த மயக்கவியல் மருத்துவர், நான் வேதியியல் மாணவன் என்று அறிந்ததும், "உங்கள் மாமாவின் மூச்சை இன்று ஒரு வளைய மூலக்கூறுதான் திருப்பித் தந்தது" என்றார். அன்று அவர் சொன்னதையும், பின்னர் நூலகத்தில் தேடிப் படித்ததையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வயிற்றைத் திறக்கும்போது தசைகள் விறைத்திருத்தல் ஆகாது. எனவே ரோகுரோனியம் போன்ற தசைதளர்த்தி மருந்தைச் சிரையில் ஏற்றுகிறார்கள். நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்வது அசிட்டைல்கோலின். அது சென்று அமரவேண்டிய இடத்தில் ரோகுரோனியம் அமர்ந்துகொள்கிறது; கட்டளை தசையை எட்டுவதில்லை. மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடுவதால் இயந்திரமே மூச்சு விடுகிறது. இதயம் மட்டும் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும்.

சிகிச்சை முடிந்ததும் இத்தளர்ச்சியை நீக்கவேண்டும். நெடுங்காலமாக இதற்குப் பயன்படுவது நியோஸ்டிக்மின். அது அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் பெருகி ரோகுரோனியத்தோடு போட்டியிடுகிறது. ஆனால் தளர்ச்சி ஆழமாக இருந்தால் இந்தப் போட்டியில் அது வெல்வதில்லை. மாமாவின் அறுவை எதிர்பார்த்ததைவிட விரைவாக முடிந்துவிட்டது. தளர்ச்சியோ ஆழமாகவே இருந்தது. அப்போது மருத்துவர் செலுத்தியது சுகமாடெக்ஸ். சில நிமிடங்களில் மாமா தாமாகவே மூச்சுவிடத் தொடங்கினார்.

பெயரில் நம் 'சுகம்' இருப்பது தற்செயலே. ஆங்கிலத்தில் சர்க்கரையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்துகளும், காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பதன் சுருக்கமும் சேர்ந்த பெயர் அது.

சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது குளுக்கோஸ் அலகுகள் கைகோத்து நிற்கும் வளையம். மாவுப்பொருளை நுண்ணுயிரிகளின் ஒரு நொதி வெட்டி, முனைகளை இணைத்து இதை ஆக்குகிறது. 1891-இல் பிரெஞ்சு வேதியியலார் வில்லியர்ஸ் இதை முதலில் கண்டார். ஆறு அலகு ஆல்பா, ஏழு பீட்டா, எட்டு காமா. வடிவத்தில் அடி கழன்ற ஓலைக் கொட்டானைப் போன்றது. ஒரு வாய் அகலம், மற்றது குறுகல். வெளிப்புறம் நீரை விரும்பும், உட்புறம் எண்ணெய்த் தன்மையுடையது. உள்ளே அடைபட்ட நீர் மூலக்கூறுகள் அங்கே இருப்புக்கொள்ளாமல் இருப்பவை. நீரை வெறுக்கும் வேறொரு மூலக்கூறு வந்தால் அவை வெளியேறி இடம் கொடுத்துவிடும். இதுவே விருந்தோம்பி, விருந்தினர் உறவு. இங்கே சகப் பிணைப்பு ஒன்றுகூட உருவாவதில்லை என்பதுதான் என்னை வியக்கவைத்தது.

ரோகுரோனியத்தின் ஸ்டீராய்டு உடல் காமா வளையத்திற்குள் பொருந்தும். ஆனால் வளையத்தின் ஆழம் போதாது. ஸ்காட்லாந்தில் ஆர்கனான் நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்டன் பாமும் உடன்பணியாளரும் எட்டு அலகுகளிலும் கந்தகம் வழியாக ஒவ்வொரு கிளையை ஒட்டினர். கிளைகளின் நுனியில் எதிர்மின்சுமை. குழியும் ஆழமாயிற்று, ரோகுரோனியத்தின் நேர்மின்சுமையைப் பற்றிக்கொள்ளக் கைகளும் கிடைத்தன. இதற்கு ஐரோப்பாவில் 2008-இலும் அமெரிக்காவில் 2015-இலும் ஒப்புதல் கிடைத்தது.

இன்னொரு நுட்பம்: இவ்வளையம் தசையை நாடிச் செல்வதில்லை, இரத்தத்திலேயே காத்திருக்கிறது. அங்குள்ள ரோகுரோனியம் பிடிபட்டதும் இரத்தத்தில் அதன் செறிவு வீழ்கிறது. தசையருகே இருப்பவை செறிவு குறைந்த இரத்தத்திற்குத் திரும்பி வருகின்றன, வந்தவையும் பிடிபடுகின்றன. பிடிபட்டவை சிறுநீரகம் வழியே வெளியேறும். ஆகவே சிறுநீரகம் மிகவும் பழுதானவர்க்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வாமை சிலருக்கு உண்டு. கருத்தடை மாத்திரையின் ஹார்மோனையும் இது பற்றக்கூடும் என்பதால், ஏழு நாள்கள் வேறு பாதுகாப்பு வேண்டும் என்கின்றனர். ஸ்டீராய்டு உடல் இல்லாத அட்ராகுரியத்திடம் இது பலிப்பதில்லை.

மருத்துவத்தில் இவ்வளையங்களுக்கு வேறு பணியும் உண்டு. நீரில் கரைய மறுக்கும் மருந்துகளைச் சுமப்பது அது. 2020-இல் கொரோனா நோயாளிகளுக்கு ஏற்றிய ரெம்டெசிவிர் ஊசியில் பீட்டா வளையத்தின் ஒரு வழிப்பொருள் இருந்தது. பூஞ்சைக்கு எதிரான இட்ராகோனசோல் கரைசலிலும் அப்படியே. நம் அண்டையில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சுமணி குழுவினர் இவ்வளையங்களுக்குள் வேதிவினைகளை நிகழ்த்தி ஆராய்ந்திருக்கிறார்கள். இத்துறையின் முன்னோடிகளான பெடர்சன், கிராம், லேன் மூவரும் 1987-இல் நோபல் பரிசு பெற்றனர். நம் பாடநூலில் இதற்கு ஒரு பத்திதான் என்பது எனக்குச் சற்று வருத்தம்.

வீடு திரும்பிய மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். எட்டுச் சர்க்கரை சேர்ந்த வளையம் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மருமவனே, சர்க்கரைன்னு சொல்லுதியே, எனக்குத்தான் சர்க்கரை வியாதி இருக்கே! கூடிருக்குமா?"

"கூடாது மாமா. நம்ம உடம்பு அந்த வளையத்த உடைக்காது. உள்ள போனது முழுசா அப்படியே வெளிய வந்துரும்" என்றேன்.

"அப்ப கயிறு இழுக்கிறவன் மாதிரிதான். தூக்கி விட்டுட்டு அவன் போயிருவான்" என்று சொல்லிவிட்டு, அத்தையிடம் காப்பி கேட்டார், சர்க்கரை இல்லாமல்.