தொட்டித் தண்ணீரில் கடல் பாடம்: மாணவர்களே செய்யும் நீருக்கடி ரோபோ

உங்க வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை இருக்கிறதா? ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "ஒரு பொருள் ஏன் மிதக்குது?" ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை மூச்சு விடாமல் ஒப்பித்துவிடும். உடனே அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "மேலேயும் வரக் கூடாது, அடியிலும் உட்காரக் கூடாது, தண்ணீருக்கு நடுவிலேயே நிற்கணும். அதுக்கு என்ன செய்வே?" இப்போதுதான் பிள்ளை யோசிக்க ஆரம்பிக்கும்.

இந்த இரண்டாவது கேள்விக்கு விடையைக் கையால் தேடுவதுதான் நீருக்கடி ரோபோ செய்யும் பயிற்சி. பல நாடுகளில் கடல்சார் தொழில்நுட்பத்தின் முதல் பாடத்தை மாணவர்கள் இப்படித்தான் கற்கிறார்கள்.

எங்கே தொடங்கியது?

வீட்டிலேயே நீருக்கடி ரோபோ செய்வது எப்படி என்று ஹாரி போம், விக்கி ஜென்சன் இருவரும் 1997-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். அதிலிருந்த 'சீ பெர்ச்' என்ற எளிய வடிவத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. சீ கிராண்ட் குழு 2003-ல் பள்ளிகளுக்கான பயிற்சியாக மாற்றியது. அந்நாட்டுக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகம் அதற்கு உதவியது. இந்த ரோபோவுக்கான பெரும்பாலான பொருள்கள் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும்.

என்னென்ன வேண்டும்?

* சட்டத்துக்கு அரை இஞ்ச் பிவிசி பைப், எல்போ, டீ
* சின்ன 12 வோல்ட் மோட்டார் மூன்று, அவற்றுக்கு விசிறி
* மோட்டாரை அடைக்க மூடியுள்ள சிறு டப்பா, இன்சுலேஷன் டேப், மெழுகு
* மிதக்க வைக்க ஃபோம் துண்டுகள்
* கரையிலிருந்து இயக்க லேன் கேபிள், சுவிட்சுகள்
* 12 வோல்ட் பேட்டரி, ஒரு ஃபியூஸ்

இரண்டு மோட்டார்கள் பின்பக்கம் படுத்த வாக்கில் இருக்கும். இரண்டும் ஓடினால் ரோபோ நேராகப் போகும், ஒன்று மட்டும் ஓடினால் திரும்பும். மூன்றாவது மோட்டார் நிமிர்ந்து இருக்கும். மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் அதன் வேலை.

தண்ணீர் சொல்லித்தரும் பாடங்கள்

முதல் முறை தண்ணீரில் விட்டால் ரோபோ சொன்ன பேச்சைக் கேட்காது. பைப்புக்குள் காற்று அடைபட்டிருந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கும். பைப்பில் சின்னச் சின்ன ஓட்டை போட்டால் காற்று வெளியேறித் தண்ணீர் உள்ளே போகும், சாய்வு நிற்கும். "ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக மூழ்கும்" என்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆச்சரியம்.

அடுத்தது நிலைப்பு. மிதவை மேலே, கனம் கீழே இருந்தால் ரோபோ கவிழாமல் நிற்கும். மீன்பிடி வலையில் மேல் கயிற்றில் மிதவையும் கீழ்க் கயிற்றில் ஈயக் குண்டும் கட்டி வலையை நிமிர்த்தி வைப்பதும் இதே கணக்குதான். கடலோரத்துப் பிள்ளைக்கு இந்தப் பாடம் பாதி தெரிந்ததாகவே இருக்கும். ஃபோமை மட்டும் துளி அதிகமாக வைக்கச் சொல்வார்கள். ஒயர் அறுந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ ரோபோ தானாக மேலே வந்துவிடும்.

பிறகு தொட்டியில் உப்பைக் கரைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நல்ல தண்ணீரில் நடுவில் நின்ற ரோபோ உப்புத் தண்ணீரில் மேலே வந்துவிடும், கனத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். அடர்த்தி என்ற சொல்லுக்குப் பிள்ளை அர்த்தம் கண்டுபிடிப்பது அந்த நேரத்தில்தான்.

வேகம் அளக்க உங்க செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். எத்தனை மீட்டர், எத்தனை வினாடி என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். விசிறியை மாற்றி மறுபடி அளந்தால் எது நல்ல விசிறி என்று எண்ணிக்கையே சொல்லிவிடும்.

ரிமோட் வைத்தால் என்ன?

டிரோன் ஒயர் இல்லாமல் பறக்குது, இதுக்கு மட்டும் ஏன் ஒயர்? இது நல்ல கேள்வி. நம் செல்போன், வைஃபை, ஜி.பி.எஸ். எல்லாம் ரேடியோ அலையில் வேலை செய்பவை. அந்த அலையைத் தண்ணீர், அதிலும் உப்புத் தண்ணீர், சீக்கிரமே உறிஞ்சிவிடும். அதனால்தான் ஆழ்கடல் ரோபோக்களையும் பெரும்பாலும் கேபிள் மூலம் இயக்குகிறார்கள். கேபிள் இல்லாத தானியங்கி வாகனங்கள் ஒலி அலையைப் பயன்படுத்தித் தகவல் அனுப்புகின்றன.

பாலைவன ஊரின் வெற்றி

"எங்க ஊர்ல கடலே இல்லையே" என்கிறீர்களா? அமெரிக்காவில் 'மேட்' என்ற கடல்சார் கல்வி மையம் 2002 முதல் மாணவர்களுக்கு நீருக்கடி ரோபோ போட்டி நடத்திவருகிறது. 2004-ல் பாலைவன நகரமான ஃபீனிக்ஸிலிருந்து, கார்ல் ஹேடன் என்ற அரசுப் பள்ளியின் நான்கு மாணவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். கல்லூரி அணிகள் மோதும் பிரிவில், பிவிசி பைப்பால் செய்த ரோபோவோடு இறங்கினார்கள். போட்டி நெருங்கும் நேரத்தில் மின்கருவிப் பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. புதிதாகச் செய்ய நேரமில்லை. ஈரத்தை உறிஞ்சுவதற்காக, மாதவிடாய்க் காலத்தில் பயன்படும் டாம்பூன்களைக் கடையில் வாங்கி உள்ளே வைத்தார்கள். கடைசியில் எம்.ஐ.டி. அணியையும் தாண்டி முதலிடம் பிடித்தார்கள். அவர்கள் ரோபோவிலும் குறை இருந்தது. ஆனால் கசிவைக் கண்டு அவர்கள் கலங்கி நிற்கவில்லை.

தொட்டியிலிருந்து 6,000 மீட்டர் வரை

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1993-ல் தொடங்கப்பட்டது. அதன் 'ரோசப் 6000' என்ற ரோபோ 2010-ல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. இப்போது மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் 'மத்ஸ்யா 6000' கலம் அங்கே உருவாகிவருகிறது.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 6,000 மீட்டரில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்திலும் சுமார் 600 கிலோ அழுத்தும். அதற்காகத்தான் டைட்டானியக் கோளம். மெழுகு டப்பாவில் பிள்ளை பார்த்த அதே சிக்கல்தான் அங்கேயும்: தண்ணீர் உள்ளே வரக் கூடாது, கலம் மூழ்கவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும்.

கடல் வேலை என்றால் மீன்பிடியும் கப்பலும் மட்டும்தான் என்று நாம் நினைத்துவிடுகிறோம். துறைமுகத் தூண், அணைச் சுவர், கப்பலின் அடிப்பாகம், கடலடிக் குழாய் என்று எல்லாவற்றையும் பார்த்துச் சொல்ல இன்று நீருக்கடி ரோபோ இயக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் கடல்சார் பொறியியலுக்குத் தனித் துறை இருக்கிறது. உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது.

தொடங்கும் முன் கவனிக்க

* 12 வோல்ட் பேட்டரி மட்டும் போதும். வீட்டு மின் இணைப்பிலிருந்து எந்த ஒயரும் தண்ணீர் அருகே வரக் கூடாது.
* கிணறு, குளம், கடலில் பிள்ளைகள் தனியாகச் சோதனை செய்ய வேண்டாம். பெரிய டிரம் அல்லது தொட்டி போதும். அங்கேயும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கணும்.
* சால்டரிங், மெழுகு உருக்குதல், பைப்பில் துளை போடுதல் ஆகியவற்றை ஆசிரியர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும்.
* வீடியோ எடுக்கும் செல்போன் கரையிலேயே இருக்கட்டும்.

பிள்ளையின் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கிறதா என்று அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காக அமைக்கப்பட்டவை அவை, கருவிகள் அங்கே கிடைக்கும். ஆய்வகம் இல்லையென்றாலும் பரவாயில்லை. நாலைந்து பிள்ளைகள், ஒரு ஆசிரியர், ஒரு டிரம் தண்ணீர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதல் நாள் ரோபோ மூழ்கிப்போனால் திட்டாதீங்க. "ஏன் மூழ்குச்சு?" என்று மட்டும் கேளுங்கள். மீதியைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.