ஆமையின் ஓடு கழற்றி வைக்கும் சட்டையா?

சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து திரும்பும்போது மகளுக்குக் கூர்மாவதாரக் கதை சொன்னேன். மந்தர மலையை முதுகில் தாங்கியது அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. “நம்ம வீட்டு ஆமை தூங்கும்போது ஓட்டைக் கழற்றி வைக்குமா அம்மா?” என்று கேட்டாள்.

கழற்ற முடியாது. ஓடு என்பதே ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும்தான். மேலே தெரியும் பளபளப்பான தகடுகள் மட்டும் நம் நகத்தைப் போன்றவை. அடியில் நரம்புகள் உண்டு. தொட்டால் அதற்குத் தெரியும்.

முட்டைக்குள் தொடக்கத்தில் ஆமைக் கருவுக்கும் கோழிக் கருவுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பிறகு ஆமைக் கருவின் இரு பக்கமும் தோல் தடித்து, வரப்புபோல் எழும்பும். நம் விலா எலும்புகள் முன்பக்கம் வளைந்து நெஞ்சைச் சூழ்கின்றன. ஆமைக்கோ அவை வளையாமல் முதுகுத் தோலுக்குள் புகுந்து, விசிறிக் கம்பிகளாக அந்த வரப்பை நோக்கி விரிகின்றன. அவற்றைச் சுற்றி எலும்பு படிந்து, இடைவெளி மெல்ல அடைபடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. நம் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கிறது, ஆமைக்கு உள்ளே! சூப்புக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படும் மெல்லோட்டு ஆமையின் கருவை ஆராய்ந்த ஜப்பானின் ரிக்கென் ஆய்வாளர்கள், 2009ல் காரணத்தை விளக்கினர். உடற்சுவர் உள்நோக்கி மடிவதால், விலா எலும்புகள் தோள்பட்டைக்கு மேலே கூரைபோல் நின்றுவிடுகின்றன. சீனாவின் குவெய்ச்சோவில் கிடைத்து 2008ல் அறிவிக்கப்பட்ட 22 கோடி ஆண்டுப் பழைய ஆமைக்கு வயிற்று ஓடு முழுதாக இருந்தது. முதுகில் அகன்ற விலாக்கள் மட்டுமே. வளரும் கருவைக் கல்லில் பார்ப்பதுபோல!

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அழுங்காமைகள் முட்டையிடுவதுண்டு. சுமார் இரண்டு மாதங்களில் குஞ்சுகள் கடலுக்கு ஓடும்போதும் விலாக்களுக்கு நடுவே எலும்பு நிரம்பியிருக்காது. ஓடு பிறந்த பிறகும் வளர்கிறது.

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். எங்கள் வீவக வீட்டில், வெயில் படாத சமையலறை மூலையில் பிளாஸ்டிக் தொட்டிக்குள் சிவப்புக் காது ஆமையை வைத்திருந்தோம். ஒருநாள் தொட்டபோது ஓட்டின் ஓரம் அமுங்கியது. எலும்பு என்றால் சுண்ணாம்புச் சத்தும் சூரிய ஒளியும் வேண்டாமா? காய்ந்த இறால் மட்டும் போட்டு வளர்த்தது எங்கள் தவறு. புற ஊதா விளக்கு, ஏறி உட்காரக் கல், சரியான தீனி என்று விலங்கு மருத்துவர் பட்டியல் போட்டுக் கொடுத்தார்.

விளக்கு வந்து நான்கு மாதமாகிறது. ஓரம் கெட்டியாகிவிட்டது, நடுவில் மட்டும் ஒரு சின்ன மேடு அப்படியே இருக்கிறது.