மேய்ப்பர்களுக்கு ஒரு திங்கட்கிழமை

ஊரார் சுமையையெல்லாம் கேட்கும் குருமார் தங்கள் சுமையை யாரிடம் இறக்கி வைப்பது? சக குருமாரின் சிறு குழு நல்ல வழி. ஆனால் அந்த அறைக்குள் அதிகாரம் நுழையக் கூடாது.

ஞாயிறு காலை முதல் பூசை. அது முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு. நடுவில் ஒரு ஞானஸ்நானம். மதியம் கிளைக் கிராமத்தில் இன்னொரு பூசை. மாலையில் படுத்த படுக்கையாக இருக்கும் மூதாட்டியின் வீடு. இதற்கிடையே சுற்றுச்சுவர் வேலைக்கு வந்த எஸ்டிமேட்டைப் பார்க்க வேண்டும். பள்ளியில் இடம் கேட்டு வந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தியாவின் எந்த மூலையிலும் ஒரு கத்தோலிக்கப் பங்குத்தந்தையின் ஞாயிறு ஏறக்குறைய இப்படித்தான் கழிகிறது. அன்று அவரிடம் அழுதவர்கள் உண்டு, சண்டை போட்டவர்கள் உண்டு, காதோடு ரகசியம் சொன்னவர்கள் உண்டு. இரவு, சமையல்காரர் மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாட்டின் முன் அவர் உட்காரும்போது எதிரே இருப்பது காலி நாற்காலி.

அவருக்குப் பேச ஆள் இல்லாமல் இல்லை. மனம் விட்டுப் பேசத்தான் ஆள் இல்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. குடியை விட நினைப்பவர்களுக்கான 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு 1935-ல் அமெரிக்காவில் தொடங்கி 1957-ல் பம்பாய்க்கு வந்தது. இன்று நாட்டின் பல நகரங்களில் அதன் கூட்டங்கள் நடப்பது தேவாலய வளாகங்களில் உள்ள அறைகளில்தான். அங்கே வட்டமாக உட்கார்ந்து, பட்டம் பதவி எதுவும் இல்லாமல், ஒருவர் கதையை மற்றவர்கள் கேட்கிறார்கள். அந்த அறையின் சாவியை எடுத்துக் கொடுக்கும் குருவுக்கு அப்படி ஒரு வட்டம் பெரும்பாலும் இருப்பதில்லை.

இயேசு சபை, சலேசியர் சபை போன்ற துறவற சபைகளில் சேர்ந்தவர்கள் பொதுவாகக் கூட்டாக வாழ்கிறார்கள். ஒரே மேசையில் சாப்பாடு, ஒரே கூரைக்குக் கீழ் சண்டையும் சமாதானமும். மறைமாவட்டக் குருவின் நிலை வேறு. ஒரு பங்கு, ஒரு வீடு. அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் உதவிப் பங்குத்தந்தை. கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, வடகிழக்கு என்று போனவர்களுக்குத் தனிமை இன்னும் ஒரு சுற்றுக் கூடுதல். பிரசங்கம் செய்வது ஒரு மொழியில், கனவு காண்பது வேறு மொழியில். சுற்றிலும் பதற்றம் வேறு. ஒடிசாவின் கந்தமாலில் 2008-ல் தேவாலயங்களும் வீடுகளும் கொளுத்தப்பட்டபோது குருமாரும் கன்னியரும் காட்டுக்குள் ஓடி ஒளிய நேர்ந்தது. கொரோனாவின் இரண்டாவது அலையில், 2021 ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கக் குருமார் இறந்தார்கள். தப்பியவர்கள் அடக்கச் சடங்குகளை நடத்திவிட்டு அதே தனி வீட்டுக்குத் திரும்பினார்கள்.

திருமணமான குருமார் உள்ள சபைகளில் வீடு காலியாக இல்லை. தென்னிந்தியத் திருச்சபை, வட இந்தியத் திருச்சபை, மார்த்தோமா சபை ஆகியவற்றில் மனைவியும் பிள்ளைகளும் உடன் இருக்கிறார்கள். ஆனால் சுமையும் அவர்களுக்குப் பங்காகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர். அதற்கேற்பப் பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி. கேரளத்தில் 'கொச்சம்மா', தமிழகத்தில் 'ஐயரம்மா' என்று மரியாதையோடு அழைக்கப்படும் குருவின் மனைவி, சபைக்குள் யாரோடு நெருங்கிப் பழகினாலும் அது ஒரு கட்சியாகப் பார்க்கப்படும். கணவர் சொல்லாததை ஊகிப்பதும், ஊகித்ததை யாரிடமும் சொல்லாமல் இருப்பதும் அவர் பாடு.

குருமார் தற்கொலை செய்துகொண்டதாக அவ்வப்போது செய்திகள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்றுதான்: கூட இருந்தவர்களுக்குத் தெரியாமல் போனது எப்படி?

சொல்லாததற்குக் காரணம் உண்டு. கத்தோலிக்கக் குருவுக்கு ஆயர்தான் தந்தை, ஆயர்தான் மேலதிகாரி. தூக்கம் வரவில்லை, குடி கூடிவிட்டது, ஜெபிக்கவே முடியவில்லை என்று தந்தையிடம் சொன்னால் அது மேலதிகாரியின் காதிலும் விழும். அடுத்த மாற்றல் பட்டியல் தயாராகும்போது அது அவர் நினைவுக்கு வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் சிக்கல் வேறு வகை. அங்கே திருமண்டலப் பொறுப்புகளுக்குத் தேர்தல் உண்டு. தேர்தல் என்றால் அணிகள் உண்டு. இன்று ஆறுதல் சொல்பவர் நாளை எதிர் அணியில் நிற்கலாம். சபையாரிடம் சொல்வதோ நினைத்தும் பார்க்க முடியாதது.

குருமார் கூடுவதே இல்லை என்று சொல்ல முடியாது. மறைமாவட்டங்களில் மாதாந்திரத் தியானம் நடக்கிறது. மறைவட்டக் கூட்டம் நடக்கிறது. நகரங்களில் சுயாதீன சபைகளின் போதகர் ஐக்கியங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே பேசப்படுபவை சுற்றறிக்கை, நிதி, திருவிழா, போலீஸ் அனுமதி, கூட்டு ஜெபம். நிகழ்ச்சி நிரலில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு, "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்வியைத் தவிர.

அந்தக் கேள்விக்கென்றே நேரம் ஒதுக்கிய முன்னோடிகள் இந்திய மண்ணிலேயே இருந்தார்கள். 1800-ம் ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகே டென்மார்க்காரர் வசம் இருந்த செராம்பூரில் வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய பாப்டிஸ்ட் மிஷனரிகளின் குடும்பங்கள் ஒன்றாகக் குடியேறின. முதல் மாதத்திலேயே சில விதிகள் வகுத்துக்கொண்டார்கள். வீட்டு நிர்வாகம் மாதம் ஒருவர் கையில். சனிக்கிழமை மாலை, அந்த வாரத்து மனஸ்தாபங்களைப் பேசித் தீர்க்க. பைபிளை இந்திய மொழிகளில் பெயர்த்ததும், அச்சகம் நடத்தியதும், 1818-ல் கல்லூரி தொடங்கியதும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. கேரியின் மனைவி டாரதி மனநோயால் பல ஆண்டுகள் அவதிப்பட்டு 1807-ல் இறந்தது அதே வீட்டில்தான். அந்த வீடு பிரச்சினை இல்லாத வீடு அல்ல. பிரச்சினையைப் பேச ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிவைத்த வீடு.

கத்தோலிக்கர்களிடையே இதற்கு ஒரு வடிவம் கிடைத்தது 1950-களில், பிரான்சில். சார்லஸ் தெ ஃபுக்கோ என்ற குரு அல்ஜீரியப் பாலைவனத்தில் வாழ்ந்து 1916-ல் சுட்டுக் கொல்லப்பட்டவர். சகோதரக் குழுவுக்காக விதிமுறைகள் எழுதி வைத்தவர். ஆனால் உயிரோடு இருந்தவரை அவருடன் நிலையாகச் சேர்ந்து வாழ ஒருவரும் வரவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து அவரது வழியில் மறைமாவட்டக் குருமார் 'இயேசு காரித்தாஸ்' என்ற பெயரில் சிறு குழுக்களாகச் சேர்ந்தார்கள். அது இந்தியாவுக்கும் வந்தது. 2022 மே 15-ல் வாடிகனில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. குமரி மாவட்டத்து தேவசகாயம் பிள்ளைக்கும் அதே நாளில்தான்.

இந்தக் குழுக்களின் மையம் 'வாழ்க்கை ஆய்வு'. பெல்ஜியத்தின் ஜோசப் கார்டைன் தொழிலாளர் இளைஞர்களுக்குக் கற்றுத்தந்த 'பார், ஆராய், செயல்படு' முறையிலிருந்து வந்தது. ஒருவர் கடந்த மாதத்தில் தன்னைப் பாதித்த ஒரு சம்பவத்தைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். பிறகு கேள்விகள் மட்டும், உபதேசம் இல்லை. சற்று நேரம் மௌனம், ஜெபம், கடைசியில் ஒன்றாகச் சாப்பாடு. கேட்க எளிது. தினமும் உபதேசம் செய்தே பழகியவர்களுக்கு உபதேசிக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எளிதல்ல.

திருச்சபையின் ஏடுகளில் இதற்குத் தடையேதும் இல்லை, ஊக்கமே இருக்கிறது. குருமாரைப் பற்றி 1965-ல் வெளியான இரண்டாம் வாடிகன் சங்க ஏடு, அவர்கள் கூடி வாழவும், அது முடியாத இடத்தில் அடிக்கடி கூடவும் சொன்னது. லத்தீன் திருச்சபையின் 1983-ம் ஆண்டுச் சட்டம், சங்கமாகச் சேரும் உரிமையை மறைமாவட்டக் குருமாருக்கு 278-ம் பிரிவில் தருகிறது. 985-ம் பிரிவு இன்னும் கவனிக்கத் தக்கது. குருமடத்து அதிபர் தன்னோடு அதே இல்லத்தில் தங்கியிருக்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது. மாணவரே விரும்பிக் கேட்டால்தான் விதிவிலக்கு. மனதைத் திறப்பவனின் எதிர்காலம் கேட்பவரின் கையில் இருக்கக் கூடாது என்பதே இதன் சாரம்.

தோழமைக் குழு அமைப்பவர்களுக்கும் முதல் விதி இதுவே. ஆயர், முதன்மைக் குரு, மறைவட்ட அதிபர், திருமண்டலச் செயலாளர் என்று ஒருவரை மாற்றவோ உயர்த்தவோ கூடியவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. பங்குத்தந்தையும் அவருடைய உதவிப் பங்குத்தந்தையும் ஒரே குழுவில் வேண்டாம். ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் அது மாநாடு. ஒரே சாதியினர், ஒரே ஊர்க்காரர்கள், குருமடத்தில் ஒரே பேட்ச் என்று சேர்வது சுலபம். ஆனால் அது குழுவல்ல, கோஷ்டி. பக்கத்து மறைமாவட்டத்திலிருந்தோ வேறு சபையிலிருந்தோ இரண்டு பேர் வந்தால் போட்டியும் குறையும், வம்பும் குறையும்.

நாள், திங்கட்கிழமை. உலகம் வேலைக்குப் போகும் அன்றுதான் குருமாருக்குச் சற்று மூச்சு விட நேரம் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை, மூன்று மணி நேரம், ஒவ்வொரு முறையும் ஒருவர் வீட்டில். முறைவைத்து ஒருவர் நடத்த வேண்டும். நிரந்தரத் தலைவர் கூடாது. அறிக்கை எழுதுவதில்லை, போட்டோ எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் எதுவும் போடுவதில்லை. அங்கே இல்லாதவரைப் பற்றிப் பேசுவதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை மறைமுகமாகக்கூடத் தொடக் கூடாது. ஓராண்டுக்கு உறுதி கொடுத்து, ஆண்டு முடிவில் தொடர்வதா என்று முடிவு செய்யலாம். செலவு பஸ் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும்.

பெண் குருமாரின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை 1976-ல் எலிசபெத் பாலை முதல் பெண் குருவாக அருட்பொழிவு செய்தது. 2013-ல் நந்தியாலில் புஷ்பலலிதா முதல் பெண் பேராயரானார். ஆனாலும் எண்ணிக்கையில் அவர்கள் சிறுபான்மை. ஆண்கள் ஆறு பேர் நடுவே ஒருவராக உட்கார்ந்தால் அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்க நேரிடும். திருமண்டல எல்லை தாண்டிப் பெண் குருமார் தங்களுக்குள் ஒரு குழு அமைத்துக்கொள்வது அதனால்தான் அவசியமாகிறது.

கடினமான கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. உள்ளே பேசியது வெளியே போகாது என்றால், குற்றமும் வெளியே போகாதா? குருமார் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு உலகெங்கும் திருச்சபையைத் துரத்தி வருகிறது. அதற்கு ஆதாரங்களும் இல்லாமல் இல்லை. குழு இன்னொரு மறைவிடமாக ஆகிவிடக் கூடாது. குழுவில் பேசுவது பாவசங்கீர்த்தனம் அல்ல. அதன் முத்திரை இதற்குப் பொருந்தாது. 2012-ம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் யாராக இருந்தாலும் போலீசில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 2019-ல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ஆணையும், இத்தகைய புகாரைத் திருச்சபை அதிகாரிகளிடம் உடனே தெரிவிக்கும் கடமையைக் குருமாருக்கு விதித்தது. ஆகவே முதல் கூட்டத்திலேயே, ஒருவரும் எதுவும் பேசத் தொடங்கும் முன்பே, எல்லை எது என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். இன்னொருவருக்கு, குறிப்பாகக் குழந்தைக்கு, தீங்கு என்றால் ரகசியம் இல்லை. தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் என்றாலும் மௌனம் காக்க முடியாது.

அந்த இடத்தில் குழுவின் திறமையும் முடிந்துவிடுகிறது. சக குருமார் மருத்துவர்கள் அல்ல. மனச்சோர்வுக்கும் போதைக்கும் சிகிச்சை உண்டு. குழுவால் செய்யக் கூடியது, கூடவே போய் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். ஜெபம் போதாமல் போனதாக அதற்கு அர்த்தமில்லை. கால் முறிந்தால் எலும்பு டாக்டரிடம் போகும் குரு, மனம் முறிந்தால் மட்டும் தியான இல்லத்துக்கு அனுப்பப்படுவது ஏன் என்று யோசிக்க வேண்டியவர்கள் மேலிடத்தில் இருப்பவர்கள்.

அவர்களிடம் கேட்கப்படுவது பெரிய உதவியல்ல. புதிய ஆணைக்குழு வேண்டாம், சுற்றறிக்கை வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மறைமாவட்டக் காலண்டரில் எந்தக் கூட்டமும் போடாமல் விட்டால் போதும். அன்று மாலை திரும்பி வரும் குருவிடம், அங்கே என்ன பேசினீர்கள் என்று கேட்காமல் இருந்தால் இன்னும் நல்லது.