காந்தப் பொம்மை: வாங்கலாமா, வேண்டாமா?

"ஒண்ணா, ரெண்டா?"

டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான். பெயர், வயது எல்லாம் அப்புறம். அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ஒண்ணுதான்னு நினைக்கிறோம் சார்" என்றேன். "நினைக்கிறது வேண்டாம். எத்தனைன்னு தெரியணும்" என்றார் அவர், எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதியபடியே.

நடந்தது இதுதான். மேடவாக்கம் கூட்ரோடு பக்கம் அக்கா வீடு. மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. பாப்பாவின் பிறந்தநாளுக்கு நான்தான் ஒரு காந்தக் கட்டுமானப் பொம்மை செட் வாங்கிக் கொடுத்தேன். கலர் கலரான பிளாஸ்டிக் சதுரங்கள், முக்கோணங்கள், ஓரங்களில் காந்தம். பக்கத்தில் கொண்டுபோனால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் தயாரித்தவர் பெயரும் கிடையாது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கிடையாது. விலை மலிவு என்பதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் என்று வெளியில் சொல்லவே வெட்கமாக இருந்தது!

மூன்றாவது வாரம் ஒரு சதுரம் கீழே விழுந்து ஓரம் பிளந்துவிட்டது. நாலு காந்தத்தில் இரண்டு உள்ளே இருந்தன. ஒன்று தரையில் கிடைத்தது. இன்னொன்றைக் காணவில்லை. சின்னவன் வாயை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்தக் காந்தம் எங்கே போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன், டாக்டர் ஏன் 'ஒண்ணா, ரெண்டா' என்று கேட்டார்? இப்படிப்பட்ட பொம்மைகளால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா? அன்று ராத்திரி ஆரம்பித்துப் பல நாள் நான் தேடிப் படித்ததைத்தான் நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இது பழைய காந்தம் அல்ல!

சின்ன வயதில் ரேடியோ ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்து விளையாடியவர்கள் நம்மில் பலர். அந்தக் கறுப்பு வளையம் ஃபெரைட். 1983-இல் ஜப்பானில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஜான் குரோட்டும் தனித்தனியே ஒரு புதுக் காந்தத்தை அறிவித்தார்கள். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்தது. ஃபெரைட்டின் ஆற்றல் பெருக்கம் மூன்று, நான்கு மெகாகாஸ்-ஓர்ஸ்டெட் என்றால், நியோடிமியத்தில் சாதாரண ரகமான என்-35-க்கே சுமார் 35. கிட்டத்தட்ட பத்து மடங்கு! கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க், காற்றாலை, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டார் எல்லாவற்றிலும் இருப்பது இந்த வகைதான். மிளகு அளவுக் காந்தம் ஒரு பிளாஸ்டிக் கோபுரத்தையே தாங்கிப் பிடிப்பதும் இதனால்தான்.

பொம்மைக்கு வரம். வயிற்றுக்குச் சாபம்.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரே ஒரு காந்தத்தை விழுங்கினால், பெரும்பாலும் அது நாணயம் மாதிரிதான், தானாகவே வெளியேறிவிடும். இரண்டை விழுங்கினால் கதையே வேறு. குடல் ஒரே நேர்க்குழாய் அல்ல, மடிப்பு மடிப்பாகச் சுருண்டு கிடப்பது. ஒரு காந்தம் ஒரு மடிப்பிலும் இன்னொன்று பக்கத்து மடிப்பிலும் இருந்தால், இரண்டு சுவர்களையும் நடுவில் வைத்து நசுக்கிக்கொண்டு ஒட்டும். வொர்க்‌ஷாப்பில் வைஸில் பிடித்த மாதிரி! அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. திசு செத்து, ஓட்டை விழும். வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும். வெளியில் தெரிவதோ வாந்தியும் வயிற்றுவலியும்தான். "சூடு பிடிச்சிருக்கு, வெந்தயம் குடு" என்று நாம் இருந்துவிடுவோம். இரண்டாவது காந்தமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு காந்தமும் ஒரு இரும்புத் துண்டும் போதும். இப்போதைய ஒரு ரூபாய் நாணயம்கூடக் காந்தத்தில் ஒட்டும், பரீட்சித்துப் பாருங்கள்.

இது கற்பனை அல்ல. 2005-இல் அமெரிக்காவில் 20 மாதக் குழந்தை ஒன்று இப்படித்தான் இறந்தது. 'மேக்னடிக்ஸ்' என்ற கட்டுமானப் பொம்மையிலிருந்து கழன்று விழுந்த காந்தங்களை அது விழுங்கியிருந்தது. 2006 மார்ச்சில் 38 லட்சம் செட்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அடுத்து 2009-இல் 'பக்கிபால்ஸ்' என்ற குட்டிக் காந்த உருண்டைகள் சந்தைக்கு வந்தன. பெரியவர்கள் மேஜையில் வைத்து விளையாட என்று விற்றார்கள். பெரியவர்கள் வீட்டில் பிள்ளைகளும் இருப்பார்களே! 2014-இல் அங்கே கட்டுப்பாடு வந்தது, 2016-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2022-இல் மறுபடியும் புது விதி வந்தது.

ஐம்பது என்ற எல்லை

நம் நாட்டில் பொம்மைகளுக்கான தரம் ஐ.எஸ். 9873. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். காந்தத்துக்கென்று அதில் தனிப் பகுதியே உண்டு. ஒரு சோதனை உருளை வைத்திருக்கிறார்கள், உள்விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் அடங்கும் பொருள் பிள்ளையின் தொண்டைக்குள்ளும் போகும் என்பது கணக்கு. அப்படி அடங்கும் காந்தம் பொம்மையிலிருந்து கழன்று வந்தால், அதன் ஃபிளக்ஸ் இண்டெக்ஸ் 50-ஐத் தொடக்கூடாது.

அது என்ன இண்டெக்ஸ்? நமக்குப் பழக்கமான கணக்குதான். ஃபிளக்ஸ் அடர்த்தியைக் கிலோகாஸில் அளந்து, வர்க்கப்படுத்தி, துருவத்தின் பரப்பால் பெருக்க வேண்டும். 5 மி.மீ. விட்டமுள்ள ஒரு நியோடிமியம் உருண்டையை எடுத்துக்கொள்வோம். அளவி காட்டுவது சுமார் 5 கிலோகாஸ், அதாவது அரை டெஸ்லா என்று வையுங்கள். வர்க்கம் 25. குறுக்குப் பரப்பு 19.6 சதுர மி.மீ. பெருக்கினால் 490! எல்லையைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு.

அதனால்தான் சொல்கிறேன்: உதிரியாக வரும் காந்த உருண்டை செட் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

அப்படியானால் பிரயோஜனமே இல்லையா?

உண்டு. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும் அல்லவா!

அந்த மூன்று வாரத்தில் பாப்பா செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நாலு சதுரங்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மூடி இல்லாத பெட்டி மாதிரி நிறுத்தினாள். ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்து, தட்டையாக மடங்கியது. "மாமா, இது நிக்கவே மாட்டேங்குது!" மூன்று சதுரங்களால் முக்கோணமாக வளைத்தாள். தள்ளினாள், அசையவில்லை. மறுபடி நாலு வைத்து, மேலே ஒரு சதுரத்தை மூடினாள். நின்றது! ரயில் பாலத்து டிரஸ்ஸில் ஏன் எங்கு பார்த்தாலும் முக்கோணம் என்று நாம் இரண்டாம் ஆண்டில் மனப்பாடம் செய்தோம். அவள் யாரும் சொல்லாமலே கையால் கண்டுபிடித்தாள்.

வடக்கும் தெற்கும் சேரும், வடக்கும் வடக்கும் விலகும் என்பதும் அப்படித்தான் புரிகிறது. சில ரகங்களில் காந்தம் உள்ளேயே உருளும்படி வைத்திருப்பார்கள். எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் அது திரும்பிக்கொண்டு ஒட்டும். 1998-இல் வந்த 'ஜியோமேக்' செட்டில் குச்சியின் இரு முனையிலும் காந்தம், நடுவில் சேர்க்க இரும்புக் குண்டு. குண்டுக்குத் துருவம் இல்லாததால் எந்த முனையும் ஒட்டும். ஏன் ஒட்டுகிறது என்று பிள்ளை கேட்டால், அதுவே ஒரு பாடம்.

குறையும் உண்டு. காந்தம் தானே ஒட்டிக்கொள்கிறது. நட்டு முடுக்கும் வேலை இல்லை, துளைக்கு நேராகத் துளையை வைக்கும் பொறுமை வேண்டாம். நாலு வயதுக்கு அது வசதி; எட்டு வயதுக்கு அது போதாது. அந்த வயதில் நட்டு போல்ட்டு செட்டுதான் விரலுக்கு வேலை கொடுக்கும்.

காசு இல்லாதவர்கள் என்ன செய்வது? கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, 1970-களின் கடைசியில் கிராமப் பள்ளிகளுக்குப் போன அரவிந்த் குப்தா வழி காட்டியிருக்கிறார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளைச் செருகினால் கட்டுமான செட் தயார். அதிலும் சதுரம் சாயும், முக்கோணம் நிற்கும். அதே பாடம், சில்லறைக் காசில்!

ஆகவே, வாங்குமுன்...

என் முடிவு இது. காந்தம் நன்றாக மூடிய, உள்ளங்கை அகலத் துண்டுகளாக உள்ள செட், மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை நல்ல பொம்மைதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன்கீழ் சி.எம்./எல். எண்ணும் இருக்கிறதா பாருங்கள், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். இணைப்பு அல்ட்ராசோனிக் வெல்டிங்கா, வெறும் பசையா என்று ஓரத்தைப் பாருங்கள்; நகத்தால் நெம்பினால் பசை வாய் திறக்கும். விளையாடி முடித்ததும் துண்டுகளை எண்ணி வையுங்கள். விரிசல் கண்ட துண்டு அன்றே வீட்டைவிட்டுப் போக வேண்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், மூத்த பிள்ளை மேஜைமேல் மட்டும் விளையாடட்டும்.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாழைப்பழம் கொடுப்பது, வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். வயிற்றில் இருக்கும்போதே தெரிந்தால் எண்டோஸ்கோப்பி மூலம் எடுக்க வாய்ப்புண்டு. குடலுக்குள் இறங்கிவிட்டால் கத்தி வைக்க நேரலாம். எக்ஸ்ரேயும் குழந்தை அறுவை சிகிச்சையும் உள்ள இடம்தான் வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. வீடு திரும்பும்போது ராத்திரி பதினொன்று. அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில், கதவிடுக்கில், மிக்ஸிக்குப் பின்னால் எல்லாம் துழாவினேன். பீரோவின் அடித்தகட்டில் 'டக்'கென்று இழுத்தது. அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது அந்தக் காந்தம்.

செட் முழுவதையும் கட்டி அன்றே அப்புறப்படுத்திவிட்டேன். மறுநாள் சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கினேன். பாப்பா மேஜைமேல் பாலம் கட்டுகிறாள். நண்பர்களே, வெல்டிங்கும் டாலரன்ஸும் படிக்கும் நாமே பொம்மையின் ஓரத்தைப் பார்க்காமல் வாங்கினால், வேறு யார் பார்ப்பார்கள்?